வேலூர் லாட்ஜ் கூகுளில் மேலே வர வேண்டும்: பணத்தை எங்கே போடுவது?

போன மாதம் சித்தப்பா சட்டைப் பையில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு வந்தார். பாபு ராவ் தெருப் பக்கம் அவருக்கு 22 அறைகள் கொண்ட லாட்ஜ் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். தாளில் இருந்தது ஒரு கம்பெனியின் கொட்டேஷன்: மாதம் 18,000 ரூபாய், ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 100 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் சைட்டுக்கு வரும் லிங்க்), "கூகுள் முதல் பக்கம் கேரண்டி".

"இன்னாப்பா சொல்ற, கட்டலாமா? பக்கத்து லாட்ஜெல்லாம் மேல வருது. நம்மளுது பேரைப் போட்டு தேடுனாகூட நம்ம சைட்டு வர மாட்டேங்குது" என்றார்.

ஆறு மாதத்துக்கு 1,08,000 ரூபாய். ஒரு மாடி முழுக்க வெள்ளையடித்து, மெத்தை மாற்றி, கீசர் போட்டுவிடலாம். அதனால் உடனே ஆமாம், இல்லை என்று சொல்லாமல் ஒரு வாரம் கேட்டேன்.

நான் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து சின்னக் கடைகளுக்கு வெப்சைட் வேலை செய்பவன். இதே கேள்வியை ஆம்பூர் செருப்புக்காரரும் கேட்டிருக்கிறார், ஆற்காட்டில் மக்கன் பேடா போடுகிறவரும் கேட்டிருக்கிறார். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். தேடுகிறவர் யார், எந்த ஊரில் உட்கார்ந்து தேடுகிறார், எவ்வளவு அவசரத்தில் தேடுகிறார் என்பதை வைத்துத்தான் பணத்தை எங்கே போடுவதென்று சொல்ல முடியும். சித்தப்பாவின் லாட்ஜை நடுவில் வைத்து எழுதுகிறேன். மற்ற இரண்டும் போகிற போக்கில் வரும்.

அவர் முன்னால் இருந்த வழிகள் இவை: கம்பெனியிடம் மாதாமாதம் கட்டுவது, கூகுளில் விளம்பரம் போடுவது, ரூம் புக்கிங் தளங்களை மட்டும் நம்பியிருப்பது, கூகுள் மேப் பதிவைச் சரி செய்வது, சொந்த வெப்சைட்டை உருப்படியாக்குவது. கடைசி இரண்டுக்கும் பணத்தைவிட உழைப்புதான் அதிகம் வேண்டும்.

ஆனால் எதையும் எடை போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சைட் கூகுளின் கணக்கில் இருக்கிறதா, இல்லையா?

ஒரு டிக்

தேடல் எப்படி நடக்கிறது என்பதை மூன்று படியாகச் சொல்லலாம். முதலில் கூகுளின் நிரல் லிங்க் லிங்காகத் தாவி உங்கள் பக்கத்துக்கு வந்து படிக்கிறது. அடுத்து, படித்ததைத் தன் பெரிய குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. இதை இண்டெக்ஸ் என்பார்கள். யாராவது தேடும்போதுதான் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. ரேங்கிங் என்பது மூன்றாவது படி. இரண்டாவது படியில் பெயரே இல்லாதவர் மூன்றாவதைப் பற்றிக் கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து, கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்கால்புள்ளியையும் போட்டு, இடைவெளி விடாமல் லாட்ஜின் டொமைன் பெயரை, அதாவது சைட்டின் முகவரியை, அடித்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. சைட் ஓடுகிறது, நேராக முகவரியை அடித்தால் திறக்கிறது. கூகுளுக்கு மட்டும் தெரியவில்லை.

சைட்டை வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் செய்திருந்தார்கள். உள்ளே போய் செட்டிங்ஸ், அதில் ரீடிங் என்ற பகுதியைத் திறந்தேன். தேடல் எந்திரங்கள் இந்தத் தளத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு பெட்டி அங்கே உண்டு. சைட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். செய்து கொடுத்தவர் எடுக்கவில்லை. இரண்டு வருடமாக அந்த டிக் அப்படியே இருந்திருக்கிறது.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கை எடுத்து சேவ் செய்தேன். அப்புறம் கூகுள் சர்ச் கன்சோலில் சைட்டைச் சேர்த்தோம். அது இலவசம். உங்கள் பக்கங்களில் எவை இண்டெக்ஸ் ஆகியிருக்கின்றன, எவை ஆகவில்லை, ஏன், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நீங்கள் எத்தனையாவது இடத்தில் தெரிந்தீர்கள் என்பதையெல்லாம் கூகுளே அங்கே சொல்கிறது. யாருக்கும் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் இதை உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கடை சாவி உங்கள் கையில் இருக்கிற மாதிரி இது.

அந்தக் கொட்டேஷன் அனுப்பியவர்கள் இந்த டிக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சைட்டைத் திறந்து பார்க்காமலே விலை சொல்லியிருக்கிறார்கள். என் மனதில் அவர்கள் கீழே இறங்கியது அங்கேதான்.

மேப்

லாட்ஜுக்கு முதல் இடம் நான் இதற்குத்தான் கொடுப்பேன். மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை தேடுகிறவர் போனில் தேடினால் மேலே ஒரு மேப்பும் அதன் கீழே சில பெயர்களும் வருகின்றன. அந்த வரிசை வெப்சைட்டை வைத்து மட்டும் அமைவதில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவை வைத்து அமைகிறது. 2021 வரை இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர். உள்ளூர்த் தேடலில் மூன்றைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடிய இடத்திலிருந்து தூரம், உங்கள் இடம் எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரம் என்பதைக் கவனியுங்கள். கொல்கத்தாவில் உட்கார்ந்து "சி.எம்.சி. வேலூர் பக்கத்தில் லாட்ஜ்" என்று ஒருவர் தேடினால், அவர் சொன்ன இடத்திலிருந்துதான் தூரம் கணக்காகிறது. பாபு ராவ் தெருவுக்கு இது பெரிய கொடுப்பினை. எந்தக் கம்பெனியாலும் இதைக் காசுக்கு விற்க முடியாது.

அப்படி இருந்தும் சித்தப்பாவின் பதிவு கவனிப்பில்லாமல் கிடந்தது. மேப்பில் குத்தியிருந்த புள்ளி அடுத்த சந்தில் இருந்தது. போன் நம்பர், எப்போதோ சரண்டர் செய்த லேண்ட்லைன். போட்டோக்கள் எல்லாம் தங்கியவர்கள் போட்டவை, அதில் ஒன்று ஈரத்துணி காயும் மொட்டை மாடி. பதிவை யாரும் உரிமை கோரவே இல்லை. நாங்கள் கோரினோம். தெரு, பெயர்ப்பலகை, ரிசப்ஷன் மேசை எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினோம், சில நாளில் ஒப்புதல் வந்தது.

ஹோட்டல் வகைப் பதிவுகளுக்கு வசதிகளின் பட்டியல் ஒன்று தனியாக உண்டு. அறையில் சமையல் வசதி, லிஃப்ட், சக்கர நாற்காலி போக வழி, செக்-இன் நேரம் எல்லாவற்றையும் அதில் குறிக்கலாம். வேறு ஊர் லாட்ஜுக்கு இவை சாதாரண விஷயங்கள். சி.எம்.சி. சுற்றுவட்டாரத்தில் இவைதான் தொழிலே. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் சுடுகஞ்சி வைக்க ஓர் அடுப்பைத்தான் முதலில் கேட்கின்றன.

சித்தப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. பதிவில் லாட்ஜ் பெயரோடு "சி.எம்.சி. ஹாஸ்பிடல் அருகில், கம்மி ரேட்" என்று சேர்த்துவிடலாமே என்றார். பக்கத்தில் சிலர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பெயரைத் திருத்துவார்கள், சில சமயம் பதிவையே நிறுத்தி வைப்பார்கள். சீசன் நேரத்தில் பதிவு முடங்கினால் அந்த இழப்பை யார் தாங்குவது?

ரிவியூ விஷயத்திலும் அப்படித்தான். பணமோ, வாடகைத் தள்ளுபடியோ கொடுத்து ரிவியூ வாங்குவது விதிக்கு மாறானது. திருப்தியாகப் போகிறவர்களிடம் மட்டும் கேட்டு, மற்றவர்களை ஓரங்கட்டுவதும் கூடாது. கேட்பதில் தவறில்லை, எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். இங்கே மட்டும் நான் ஒரு விலக்கு வைத்தேன். நம் ஊர் லாட்ஜுகளிலிருந்து சில குடும்பங்கள் வந்தபோது இருந்ததைவிட ஒரு ஆள் குறைந்து திரும்புகின்றன. அவர்களுடைய பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு வணக்கம் சொன்னால் போதும். ரிவியூ பேச்சு எடுக்கக் கூடாது என்று ரிசப்ஷன் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் ஆன செலவு, நல்ல வெளிச்சத்தில் அறைகளைப் படம் எடுக்க ஒரு போட்டோகிராபருக்குக் கொடுத்த கூலி மட்டும்தான்.

நோட்டுப் புத்தகம்

இரண்டாவது, சொந்த வெப்சைட். இங்கே நேரம் பிடிக்கும். புதிதாகச் செய்யும் வேலையின் பலன் தெரிய பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மேப் சொல்ல முடியாததை இங்கேதான் சொல்ல முடியும்.

பழைய சைட்டில் நான்கு பக்கங்கள் இருந்தன. முகப்பில் "தங்கள் இரண்டாவது இல்லம்" என்று ஒரு வரி, சுழலும் படங்கள், அவ்வளவுதான். ரேட் கார்டை போட்டோவாக எடுத்துப் போட்டிருந்தார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை கூகுள் ஒழுங்காகப் படித்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார முடியாது. போனில் பார்க்கிறவருக்கும் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு படமும் கேமராவில் இருந்து எடுத்தபடியே, நான்கைந்து எம்.பி. அளவில் கிடந்தது.

வேகத்துக்கு கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்கள் வெளிப்படையானவை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும். படிக்கும்போது பக்கம் மேலும் கீழும் குதிக்கக் கூடாது. தரவரிசைக்கு கூகுள் பார்ப்பதும் போனில் தெரியும் வடிவத்தைத்தான். பல ஆண்டுகளாகப் படிப்படியாக நடந்த இந்த மாற்றம் 2023-ல் முடிந்தது. காட்பாடி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு கையில் ரிப்போர்ட் பையும் மறு கையில் போனுமாக நிற்பவருக்கு ஐந்து எம்.பி. படம் திறக்கும்வரை பொறுமை இருக்காது. படங்களைச் சுருக்கினோம், ரேட்டை எழுத்தாகப் போட்டோம். இது ஒரு நாள் வேலை.

பெரிய வேலை அதற்கப்புறம்தான். என்ன எழுதுவது? கம்பெனிகள் கீவேர்டு பட்டியல், அதாவது மக்கள் தேடும் சொற்களின் பட்டியல், தருவார்கள். நாங்கள் ரிசப்ஷனில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம். ஒரு வாரம் போனில் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதச் சொன்னோம். வாரக் கடைசியில் அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ரூமில் அடுப்பு உண்டா, பாத்திரம் தருவீர்களா. மாச வாடகை எவ்வளவு. வீல்சேர் லிஃப்டில் நுழையுமா. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகணும், எத்தனை நிமிஷம் நடக்கணும். கீமோ முடிந்து வருகிறார், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா. ஆபரேஷன் தள்ளிப்போனால் அட்வான்ஸ் திருப்பித் தருவீர்களா. வங்காளதேச பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம், தங்க விடுவீர்களா. அப்பாயின்ட்மென்ட் ராணிப்பேட்டை கேம்பஸில் போட்டிருக்கிறது, உங்கள் லாட்ஜிலிருந்து எப்படிப் போவது.

கடைசிக் கேள்வி அந்த ஒரு வாரத்தில் பல தடவை வந்திருந்தது. சி.எம்.சி.யின் புதிய கேம்பஸ் 2022-ல் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம், ராணிப்பேட்டை மாவட்டத்துக் கன்னிகாபுரத்தில் திறந்தது. வெளி மாநிலத்திலிருந்து வருகிறவருக்கு இரண்டும் "சி.எம்.சி. வேலூர்"தான். ஊருக்குள் இருப்பது ஒன்று, ஹைவேயில் இருப்பது இன்னொன்று என்பது ரூம் எடுத்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அதனால் எங்கள் சைட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினோம்: அப்பாயின்ட்மென்ட் தாளில் எந்த கேம்பஸ் என்று பாருங்கள், ராணிப்பேட்டை என்றிருந்தால் எங்கள் லாட்ஜ் உங்களுக்குத் தூரம். சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். வருகிற ஆளை நாமே திருப்பி அனுப்புவதா? ஆனால் தவறான இடத்தில் ரூம் எடுத்துவிட்டு, நோயாளியோடு விடியற்காலையில் ஆட்டோ தேடிய குடும்பத்தை அவரே பார்த்திருக்கிறார். ஒத்துக்கொண்டார்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையம் வழியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். லாட்ஜ்காரர்கள் சி ஃபார்ம் என்பார்கள். அதைச் செய்து கொடுப்பதாகவும், பாஸ்போர்ட், விசா நகல் கையில் இருக்க வேண்டும் என்றும் ஒரு பக்கம். மாத வாடகைக்கு ஒரு பக்கம். அடுப்பு, காஸ், பாத்திரத்துக்கு ஒரு பக்கம். இப்படி அந்த நோட்டுதான் சைட் ஆனது. மேப்புக்கு அடுத்து இந்த வழியை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்குக் காரணம், பாபு ராவ் தெரு லாட்ஜ் ஒன்றுக்கு மட்டும் தெரிந்த பதில்கள் இவை. வேறு ஊரில் உட்கார்ந்து எழுதித் தரும் யாருக்கும் இந்தப் பதில்கள் கிடைக்காது. 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 'நேரடி அனுபவம்' என்பதையும் சேர்த்தது. அந்த அனுபவம் நம்ம ரிசப்ஷன் மேசையில் தினமும் கொட்டிக் கிடக்கிறது.

மொழியும் ஒரு கேள்வி. அந்தத் தெருக்களில் நடந்தால் வங்காள எழுத்தில் பலகைகள், மீன் சாப்பாட்டு மெஸ்கள். தமிழைவிட வங்காளமும் இந்தியும்தான் இந்த லாட்ஜுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவரும். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியில் தனிப் பக்கம் இருக்க வேண்டும், இது அதன் வங்காள வடிவம் என்று கூகுளுக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பும் சேர்க்க வேண்டும். ஒரே பக்கத்தில் மூன்று மொழியைக் கலந்து போட்டால் யாருக்கும் பயன்படாது. மெஷினில் மொழிபெயர்த்து அப்படியே ஒட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. நோயாளி படிக்கிற தகவலில் ஒரு சொல் தவறினாலும் அலைச்சல் அவருக்குத்தான். லாட்ஜில் வேலை செய்யும் மால்டா பக்கத்துப் பையன் ஒருவன் வரிவரியாகப் படித்துத் திருத்துகிறான்.

இப்போது தேடினால் கூகுள் மேலேயே ஏஐ சுருக்கம் ஒன்றைத் தருகிறதே, இனி சைட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவில் அது 2024 ஆகஸ்டில் வந்தது. அந்தச் சுருக்கமும் யாரோ எழுதிய பக்கத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அதற்கென்று தனியாக எந்த வித்தையும் தேவையில்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது. நான் அதற்காக எதையும் மாற்றவில்லை.

விளம்பரம்

கூகுள் விளம்பரம் இன்று பணம் கட்டினால் இன்றே மேலே காட்டும். யார் எவ்வளவு ஏலம் கேட்கிறார்கள், விளம்பரமும் அது போய்ச் சேரும் பக்கமும் எவ்வளவு பொருத்தம் என்பதைச் சேர்த்துத்தான் இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. நிறுத்திய நிமிஷம் மறைந்துவிடும். விளம்பரம் போடுவதால் கீழே இருக்கும் சாதாரண வரிசையில் உங்கள் இடம் ஒரு படிகூட ஏறாது. இதை மாற்றிச் சொல்லி விற்கிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள்.

லாட்ஜுக்கு இது ஊறுகாய் மாதிரி இருந்தால் போதும். அறைகள் காலியாகக் கிடக்கும் மாதங்களில் மட்டும், கொல்கத்தா, கவுகாத்தி, ராஞ்சி போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லிச் சின்னத் தொகையில் போடலாம். ஆனால் ஒரு வேலையைச் செய்யாமல் போடவே கூடாது. சி.எம்.சி. வேலூர் என்ற சொல்லோடு தேடுபவர்களில் எத்தனையோ பேர் அறை தேடுவதில்லை. நர்சிங் அட்மிஷன், வேலைவாய்ப்பு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ரிசல்ட் என்று தேடுகிறார்கள். அந்தச் சொற்களையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டு விலக்க வேண்டும். இல்லையென்றால் நர்சிங் சீட் தேடும் பெண்ணின் கிளிக்குக்கு லாட்ஜ் பணம் கட்டிக்கொண்டிருக்கும்.

புக்கிங் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை ஏற்கெனவே மேலே இருக்கின்றன, கமிஷன் வெட்டிக்கொண்டு ஆளை அனுப்புகின்றன. விட்டுவிட வேண்டாம். ஆனால் சி.எம்.சி. பக்கத்தில் ஒரு மாதம் தங்குகிறவர் பெரும்பாலும் போனில் பேசித்தான் முடிவெடுக்கிறார். அவருக்கு மேப்பும் சைட்டும் போதும்.

கம்பெனியின் தாள்

இப்போது அந்தக் கொட்டேஷனுக்கு வருகிறேன். "முதல் இடம் கேரண்டி" என்று யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே நான் தாளை மடித்துவிடுவேன்.

அடுத்தது மாதம் 100 பேக்லிங்க். ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் தரும் லிங்க்கை ஒரு பரிந்துரையாக எண்ணுவது கூகுளின் அடிப்படை யோசனை. லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது உருவாக்கிய பேஜ்ரேங்க் அதுதான். பரிந்துரை மதிப்புள்ளது என்றால் அதை விலைக்கு விற்கவும் ஆட்கள் வருவார்கள், வந்தார்கள். 2012-ல் கூகுள் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படிச் செயற்கையாகக் கட்டிய லிங்க்குகளால் மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. 2016-க்குப் பிறகு பெரும்பாலும் அப்படிப்பட்ட லிங்க்குகளை எண்ணாமல் விட்டுவிடுகிறது. அதாவது அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் பணம் வீண், இல்லாவிட்டால் உங்கள் சைட்டுக்கே கேடு. 2024 மார்ச்சில், தேடலில் ஏறுவதற்காகவே குவியல் குவியலாகப் பக்கங்களைத் தயாரிப்பதையும் ஸ்பாம் என்று விதியில் தெளிவாக எழுதிவிட்டார்கள். ஏஐ வைத்து மாதம் ஐம்பது கட்டுரை போட்டுத் தருகிறோம் என்பவர்கள் விற்பது இந்தச் சரக்கைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பல் கிளினிக்காரர் இப்படி ஒரு கம்பெனியிடம் மாட்டினார். லிங்க் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார், பார்த்தேன். பல்லுக்கும் வேலூருக்கும் சம்பந்தமே இல்லாத சூதாட்டப் பக்கங்கள். அதைவிடக் கொடுமை, ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றபோதுதான் டொமைனே கம்பெனி பேரில் பதிவாகியிருப்பது தெரிந்தது. பத்து வருடம் போர்டில், விசிட்டிங் கார்டில், மருந்துச் சீட்டில் அடித்த முகவரி அவருடையது இல்லை. மாதக்கணக்கில் கெஞ்சித்தான் திரும்பக் கிடைத்தது. யாரிடம் வேலை கொடுத்தாலும் சரி, டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்), சர்ச் கன்சோல், மேப் பதிவு இந்த நான்கும் உங்கள் பேரில், உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

இதனால் எஸ்இஓ, அதாவது சைட்டைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முதலில் சைட்டைப் பார்ப்பார்கள், சர்ச் கன்சோல் அனுமதி கேட்பார்கள், எந்தப் பக்கத்தில் எதை ஏன் மாற்றப் போகிறோம் என்று எழுத்தில் தருவார்கள். ஆயிரம் பொருள் விற்கும் தளத்துக்கோ, பழைய சைட்டிலிருந்து புதியதற்கு மாறுகிறவருக்கோ அப்படிப்பட்ட ஆள் தேவை. 22 அறை லாட்ஜுக்கு மாதக் கட்டணம் தேவையில்லை. ஒரு தடவை பார்த்துச் சொல்வதற்கான கூலி போதும்.

ஆம்பூருக்கும் ஆற்காட்டுக்கும்

வரிசை மாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் செருப்புக்காரருக்கு வாங்குகிறவர் டெல்லியிலோ கோவையிலோ இருக்கிறார். அவருக்கு மேப் பதிவு ஊரில் ஒரு அடையாளம், அவ்வளவுதான். அங்கே வெப்சைட்டும் பொருள் பக்கங்களும்தான் முதலில். தோல் எந்த வகை, அளவு எப்படி எடுப்பது, தையல் விட்டால் என்ன செய்வீர்கள் என்பதையெல்லாம் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத வேண்டும். கூகுள் 2020 முதல் கடைகளின் பொருள்களை இலவசமாகவும் பட்டியலிடுகிறது. அதில் சேர்த்தால் விளம்பரத்துக்கு முன்னால் அதைப் பார்க்கலாம். நல்ல எஸ்இஓ ஆள் ஒருவரை வைத்துக்கொள்ள அவரிடம் நான் சொன்னேன், சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

அவருடைய சைட்டில் ஒரு சின்னச் சிக்கலும் இருந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். சைட்டில் வேலூர் மாவட்டம், மேப்பில் திருப்பத்தூர் மாவட்டம், பழைய வணிகப் பட்டியல் ஒன்றில் வட ஆற்காடு. வட ஆற்காடு 1989-லேயே பிரிந்துவிட்டது. முகவரி இடத்துக்கு இடம் மாறினால் இரண்டும் ஒரே கடைதானா என்று கூகுளும் குழம்பும், கூரியர்காரரும் குழம்புவார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திருத்தினோம்.

ஆற்காட்டு மக்கன் பேடாக்காரருக்குப் பெயரே சிக்கல். ஆற்காடு என்று தேடினால் சென்னை ஆற்காடு ரோடு கடைகளோடு கலந்துவிட வாய்ப்புண்டு. தமிழில் வேலூர் என்று மட்டும் போட்டால் நாமக்கல் பக்கத்துப் பரமத்தி வேலூரும் உண்டு. அதனால் பக்கத் தலைப்பில் ஊரோடு மாவட்டத்தையும் சேர்த்து, "ராணிப்பேட்டை மாவட்டம் ஆற்காடு" என்றே எழுதச் சொன்னேன். அவருக்கு மேப் பதிவும் நல்ல போட்டோவும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். பேடாவை உடைத்து உள்ளே இருக்கும் முந்திரி தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் வைத்தார். மீதியைப் பேடா பார்த்துக்கொள்ளும்.

சித்தப்பா எடுத்த முடிவு

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த 1,08,000-ல் ஒரு பங்கு போட்டோவுக்கும் சைட் திருத்தத்துக்கும் போனது. கொஞ்சம், அறை காலியாக இருக்கும் மாதங்களில் விளம்பரத்துக்கு என்று தனியே எடுத்து வைத்திருக்கிறார். மீதிக்கு கீசர் வருகிறது. சர்ச் கன்சோலில் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. லாட்ஜ் பெயரை அடித்தால் இப்போது எங்கள் சைட் முதலில் வருகிறது. பொதுவான தேடல்களில் மேலே வர இன்னும் மாதங்கள் ஆகும். அதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் லிஃப்ட் பக்கத்தை எழுத உட்கார்ந்தோம். வீல்சேர் நுழையும் என்று எழுதுப்பா என்றார். எவ்வளவு அகலம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாடியில் வேலை செய்துகொண்டிருந்த கார்ப்பென்டரிடம் டேப் வாங்கி இரண்டு பேரும் பிடித்து அளந்தோம். கதவு 70 சென்டிமீட்டர். இரண்டாம் மாடி வரைக்கும்தான் லிஃப்ட், மூன்றாவதுக்குப் படிதான். இரண்டையும் அப்படியே எழுதினோம்.